பதினேழாவது பேர்

2025.10.14, செவ்வாய்க்கிழமை, மு.ப. 9.15. பொலிஸ் நிலையத்தில் தமிழில் பதியப்பட்ட மேலதிக வாக்குமூலம்.

பெயர்: இராமையா கஜேந்திரன். வயது: 46. மதம்: இந்து. திருமணமானவர். தொழில்: தோட்ட வெளிக்கள உத்தியோகத்தர். முகவரி: உத்தியோகத்தர் விடுதி இல. 3, ஆர்ட்வெல் தோட்டம், கீழ்ப்பிரிவு, இறம்பொடை.

நான் மேற்படி முகவரியில் மனைவியுடன் வசித்து வருகிறேன். வெளிக்கள உத்தியோகத்தர் என்பது கடிதத்தில் எழுதுவதற்கு. தோட்டத்தில் கணக்கப்பிள்ளை என்றால்தான் என்னைத் தெரியும். வீரய்யா வினோஜன் என்பவர் கடந்த 11ஆம் திகதி இரவு சைக்கிளோட்டத்தில் காணாமற்போனது தொடர்பாக 12ஆம் திகதி மாலை இதே நிலையத்தில் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அது சிங்களத்தில் எழுதப்பட்டது. எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. ஆனாலும் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். இன்று என்னை யாரும் அழைத்து வரவில்லை, நானாக வந்தேன். இன்று சொல்வதைத் தமிழில் எழுத வேண்டும், வாசித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன் என்று சொன்னேன். அதற்கு எழுதும் உத்தியோகத்தர், “பெரிய லோயர்தான்” என்றார். அப்படியே இருக்கட்டும்.

முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் பின்னால் சொல்வது விளங்காது. பத்தொன்பது வருடமாகக் காலை ஆறரை மணிக்குப் பெரட்டுக்களத்தில் நின்று, அன்று வேலைக்கு வந்தவர்களின் பெயரைச் செக்ரோல் புத்தகத்தில் பதிந்து, யார் எந்த மலைக்குப் போவது என்று பிரித்து அனுப்புகிறேன். பெயர் விழுந்தால் அன்றைய நாள் கூலி அவர்களுக்கு உண்டு. விழாவிட்டால் பொழுது சாயும்வரை கொழுந்து கிள்ளினாலும் இல்லை. மேல் லயத்து வீடுகளிலிருந்து வருகிறவர்களுக்குப் பெரட்டுக்களம் ஒன்றரை மைல். பிள்ளைக்குச் சட்டை மாட்டிவிட்டு ஓடி வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே வரிசையில் நிற்கும் யாராவது, “வந்துக்கிட்டு இருக்குங்க ஐயா, பேர போட்ருங்க” என்று சொன்னால் போட்டுவிடுவோம். எனக்கு முன் இருந்தவரும் போட்டார், பக்கத்துத் தோட்டத்திலும் போடுகிறார்கள். இது எந்தச் சட்டத்திலும் இல்லை. இது இல்லாமல் ஒரு பெரட்டும் நடக்காது. சொன்ன ஆள் பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நிற்கும். வராமல் என்னை ஏமாற்றியவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம், அவர்கள் பெயரையும் நான் வெட்டியதில்லை.

இப்படிப் பெயர் போடப்பட்டவர்களில் முதல் ஆள் இந்த வினோஜன். தகப்பன் வீரய்யா இறந்த பின்னர் பத்தொன்பது வயதில் வேலைக்கு வந்து நான்கு வருடம் என்னிடம் இருந்தார். ஒருநாளாவது ஆறரைக்கு வந்ததாக எனக்கு நினைவில்லை. அவருடைய தாய் சண்முகவடிவு கொழுந்துக் கூடையுடன் வரிசையில் நின்றுகொண்டு, “அந்தா வளைவுல வாறான் ஐயா” என்பார். பெரட்டுக்களத்தில் நின்றால் அந்த வளைவு தெரியவே தெரியாது. “ஒம்மகன் கலியாணத்துக்கும் தாலி கட்டி முடிஞ்சப்பறந்தான் வருவான்” என்று ஏசிக்கொண்டே போடுவேன். அவர் வந்துவிடுவார். நான்கு வருடத்தில் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. இதை நான் என் தற்காப்புக்குச் சொல்வதாக உத்தியோகத்தர் நினைக்கலாம். பாதி அதற்காகத்தான் சொல்கிறேன்.

வினோஜன் மூன்று வருடங்களுக்கு முன் வேலையை விட்டு ஹட்டனில் சைக்கிள் திருத்தும் கடை ஒன்றில் சேர்ந்தார். அதன் பின்னர் பழைய உதிரிப் பாகங்களைச் சேர்த்துத் தனக்கொரு சைக்கிள் செய்துகொண்டு தூர ஓட்டங்களுக்குப் போகத் தொடங்கினார். 11ஆம் திகதி நடந்த ஓட்டம் பந்தயம் அல்ல என்று அதை நடத்தும் சைக்கிள் கழகத்தார் சொல்கிறார்கள். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஹட்டனில் புறப்பட்டு, நுவரெலியா ஏறி, லபுக்கலை வழியாக இறம்பொடைக்கு இறங்கி, புசல்லாவை, கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை என்று சுற்றி, மறுபடி ஹட்டன் வந்து, ஞாயிறு காலை ஏழரைக்குள் நல்லதண்ணியில் போய்ச் சேர வேண்டும். மொத்தம் இருநூறு கிலோமீட்டர். வழியில் சோதனைச் சாவடிகள் உண்டு. ஒவ்வொருவரும் தன் கார்டை நீட்டி, குறித்த நேரத்துக்குள் முத்திரை வாங்க வேண்டும். ஒரு முத்திரை தவறினால் ராத்திரி முழுக்க மிதித்தது வீண். மாலையும் இல்லை, கிண்ணமும் இல்லை, பிறகு எதற்கு இந்தக் கூத்து என்று கேட்டேன். ஒருவரும் எனக்கு விளங்கும்படி பதில் சொல்லவில்லை.

இறம்பொடைச் சாவடிக்கு என்னைப் போடும்படி கழகத்தில் சொன்னவர் வினோஜன்தான். “எங்க கணக்கப்புள்ள ஐயா ஒரு பேர் தவற விடமாட்டாரு” என்று சொன்னாராம். இதைக் கழகத்தின் செயலாளர் துஷாந்த் 4ஆம் திகதி ஹட்டனில் நடந்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதன் பின்னர் துஷாந்த் ஒரு முத்திரையையும் பதினேழு பெயர்கள் கொண்ட பட்டியலையும் தந்து, “ஆள் நேர்ல வரணும், கார்ட அவரே நீட்டணும், நேரத்தப் பாத்து நீங்க எழுதணும். ஆள் இல்லாம முத்திரை இல்ல” என்றார். நான், “தம்பி, பத்தொம்பது வருசமா பேர் எழுதுறேன். எனக்குப் படிச்சுக் குடுக்காதீங்க” என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

11ஆம் திகதி இரவு ஏழு மணிக்கு அனுமார் கோயிலுக்குக் கீழே, வீதியோரத் தேநீர்க்கடை ஒன்றில் மேசை போட்டு உட்கார்ந்தேன். கடைக்காரர் சாவியைத் தந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். ஏழரைக்கு மழை பிடித்தது. எட்டே முக்காலுக்கு மின்சாரம் போனது. நான் இறம்பொடையில் பிறந்தவன், மழைக்குப் பயந்தவன் அல்லன். ஆனால் அன்று நீர்வீழ்ச்சிச் சத்தம் எது, மழைச் சத்தம் எது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. காற்றில் கடையின் தகரம் ஒன்று எழுந்து எழுந்து அடித்தது. வீதியில் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடியது. ஒன்பதரைக்கு முதலாவது ஆள் வந்தார். பிரேக்கைப் பிடித்துப் பிடித்து அவருடைய கை மடங்கியபடியே விறைத்திருந்தது. நான்தான் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, இஞ்சித் தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்தேன். அதன் பின்னர் ஒருவர் இருவராக வந்தார்கள். ஒவ்வொருவர் முகத்துக்கும் டோர்ச் அடித்துப் பார்த்து, கார்டை வாங்கி, முத்திரை குத்தி, நேரம் எழுதி, பட்டியலில் பெயருக்கு நேரே கோடு போட்டேன். பத்து இருபதுக்குப் பதினைந்து பேர் முடிந்திருந்தது. அதுவரை நான் ஒரு பிழையும் செய்யவில்லை.

சாவடி பதினொரு மணிக்கு மூட வேண்டும். மீதி இருந்தவர்கள் வினோஜனும் தம்பையா ஜனகனும். இந்த ஜனகன் நுவரெலியா பஜாரில் இரும்புக்கடை வைத்திருப்பவரின் மகன். ஓட்டங்களில் இவர்கள் இருவரும் சேர்ந்தே மிதிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கடைக்கார வீட்டுப் பையனுக்கும் லயத்துப் பையனுக்கும் என்ன கூட்டு என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் இருந்தது.

பத்து ஐம்பத்திரண்டுக்கு ஜனகன் தனியாக வந்தார். முழங்காலில் இரத்தம் வடிந்தது. உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. அவருடைய சைக்கிளில் முன்பக்கம் இரண்டு விளக்குகள் இருந்தன. ஒன்று எரிந்தது, மற்றது எரியவில்லை. எரிந்த விளக்கு வினோஜனுடையது. அதன் கழுத்தில் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கும், அதை நான் கூட்டத்தன்றே பார்த்திருந்தேன். அதன் பின்னர் ஜனகன் சட்டைக்குள் கையை விட்டு இரண்டு கார்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். அவருடையது நனைந்து ஊறியிருந்தது. மற்றது பொலித்தீன் உறைக்குள் காய்ந்தபடி இருந்தது. அதில் வினோஜன் பெயர் இருந்தது.

“அவன் எங்க?” என்று கேட்டேன்.

“பின்னால வாறான் அண்ணே. மேல பஸ் ஹோல்ட்ல நிக்கிறான். பின் டயர் வெடிச்சிருச்சு, மாத்திக்கிட்டு இருக்கான். பதினொன்னுக்கு மூடிருவாங்க, நீ கார்ட கொண்டு போன்னு குடுத்தான். என் லைட் மழையில செத்துப் போச்சு, அவன் லைட்டையும் கழட்டிக் குடுத்தான். அவனுக்கும் அடிச்சிருங்கண்ணே.”

அவர் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. இரவில், அந்த மழையில், அந்த இறக்கத்தில் ஒருவன் தன் விளக்கைக் கழற்றி இன்னொருவனுக்குக் கொடுப்பானா என்று எனக்குப் பட்டது. எலி சும்மா அம்மணமாக ஓடாது என்பார்கள். இருவருக்கும் வழியில் ஏதும் தகராறோ, முழங்கால் இரத்தம் அதில் வந்ததோ என்றும் நினைத்தேன். இவ்வளவு நினைத்த நான், ஒன்று முத்திரை இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும், அல்லது உடனே துஷாந்துக்குத் தொலைபேசி எடுத்திருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை. “வந்துக்கிட்டு இருக்கான்” என்று ஒருவர் சொன்னதும் என் கை தானாக முத்திரையை எடுத்தது. ஜனகனின் கார்டில் குத்திக் கொடுத்து, வினோஜனின் கார்டிலும் குத்தி, பத்து ஐம்பத்தைந்து என்று நேரம் எழுதி, பட்டியலில் பதினேழாவது பெயருக்கு நேரே கோடு போட்டேன்.

ஜனகன் தேநீர் குடிக்கவில்லை. புறப்படும்போது, “அவன் வந்தா கார்ட குடுத்திருங்க. அரை மணித்தியாலத்துல வரலேன்னா துஷாந்துக்குச் சொல்லிருங்கண்ணே” என்றார். இந்த வார்த்தைகளை 12ஆம் திகதி வாக்குமூலத்தில் நான் சொல்லவில்லை. வினோஜனின் கார்டு அதன் பின்னர் என் சட்டைப் பையில்தான் இருந்தது. இப்போது மேசையில் வைத்திருப்பது அதுதான். பொறுப்பேற்றுக் கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பதினொரு மணிக்குத் துஷாந்துக்குத் தொலைபேசி எடுத்து, “பதினேழும் சரி” என்று சொன்னேன். அதன் பின்னர் கேத்தலைக் கழுவிக் கவிழ்த்தேன். பட்டியலை டோர்ச் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்தேன். பதினேழு பெயர், பதினேழு கோடு. பெரட்டில் எல்லாப் பெயரும் விழுந்துவிட்டால் புத்தகத்தை மூடி விடுவோம். அதற்குப் பிறகு யாரும் யாரையும் தேடுவதில்லை. அன்றும் அதே மாதிரி மூடினேன். கடையைப் பூட்டி, பதினொன்று இருபதுக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு விடுதிக்கு நடந்தேன். ஒருவனுக்காக இன்னும் காத்திருக்க வேண்டும் என்பது என் மண்டையில் இருக்கவே இல்லை.

இவ்விடத்தில் உத்தியோகத்தர், மறந்துவிட்டேன் என்கிறீர்களா, அல்லது மழையில் நிற்கப் பிடிக்காமல் போய்விட்டீர்களா என்று கேட்டார். இரண்டு நாளாக அதைத்தான் நானும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எழுதிய பெயரை நானே நம்பிவிட்டேன். அவன் வந்து போய்விட்டான் என்றே நினைத்து நடந்தேன்.

மறுநாள், அதாவது 12ஆம் திகதி, அதிகாலை ஒன்று பத்துக்குத் துஷாந்த் தொலைபேசி எடுத்தார். புசல்லாவைச் சாவடிக்கு வினோஜன் வரவில்லை, அங்கே முத்திரை வாங்கிப் போன ஜனகனின் தொலைபேசியும் வேலை செய்யவில்லை என்றார். பிறகு, “அண்ணே, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வினோஜன் ஒங்க கிட்ட வந்தானா?” என்று கேட்டார். நான் படுக்கையில் எழுந்து உட்கார்ந்திருந்தேன். பட்டியல் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தார். “வந்தான். முத்திரை அடிச்சேன். போயிட்டான்” என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் சொன்னது பொய் என்று தெரிந்தது. உடனே திரும்ப எடுத்துத் திருத்தியிருக்கலாம். தொலைபேசி கையில்தான் இருந்தது. கணக்கப்பிள்ளை ஆள் இல்லாமல் முத்திரை குத்தினான் என்று நாளைக்கு ஊர் சிரிக்கும் என்று தோன்றியது. எப்படியும் பையன் எங்காவது ஒதுங்கி நிற்பான், விடிந்ததும் வந்துவிடுவான், எப்போதும் வந்திருக்கிறானே என்றும் தோன்றியது.

அதன் பின்னர் ஒன்றரை மணியிலிருந்து கழகத்தாரும், பொலிஸாரும், எங்கள் தோட்டத்து ஆட்களும் இறம்பொடைக்குக் கீழே, புசல்லாவைப் பக்கமாகத் தேடினார்கள். நானும் போனேன். எங்கே தேட வேண்டும் என்று அங்கிருந்தவர்களில் எனக்கு மட்டும் தெரிந்திருந்தும் நானும் கீழேதான் இறங்கினேன். மூன்று மணியளவில் சண்முகவடிவு வந்து சேர்ந்தார். தலையில் படங்குச் சாக்கைப் போட்டிருந்தார். ஒவ்வொரு மதகிலும் குனிந்து மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஒருவர், “ஒருவேள மேலயே நின்னுட்டானோ?” என்று கேட்டபோது, சண்முகவடிவு அவரைத் திரும்பிப் பார்த்து, “ஐயா கையால முத்திரை வாங்கிட்டுப் போயிருக்கான். அப்பறம் எப்புடி மேல இருப்பான்? இந்தப் பக்கந்தான் கெடக்கான்” என்றார். நான் பக்கத்தில் நின்றேன். என் கையில் இருந்த டோர்ச்சால் அந்தத் தாய்க்குக் கீழ்ப்பக்கத்து வழியைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

வெளிச்சம் வந்த பிறகு ஆட்கள் ஜனகனைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். கூட வந்தவன் எங்கே, ஏன் தொலைபேசியை அணைத்து வைத்திருக்கிறான் என்று கேட்டார்கள். அப்போது நான், “அவன் சைக்கிள்ள ரெண்டு லைட் இருந்துச்சு. ஒன்னு நம்ம பையனோடது” என்று சொன்னேன். இதை ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். அது உண்மை. ஆனால் கார்டைப் பற்றிச் சொல்லாமல் விளக்கை மட்டும் சொன்னேன். அதைக் கேட்டதும் எல்லோருடைய கண்ணும் என்னை விட்டு அந்தப் பக்கம் போனது. எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை நினைத்தால் இப்போது எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

ஜனகன் கம்பளையில் காய்ச்சலோடு ஓட்டத்தைக் கைவிட்டு, யாருக்கும் சொல்லாமல் மாமன் வீட்டில் படுத்துவிட்டார். சொல்லாமல் படுத்தது அவருடைய பிழை. காலை எட்டே முக்காலுக்கு எழுந்து, நனைந்த தொலைபேசியை விட்டு மாமனின் தொலைபேசியில் துஷாந்துக்கு எடுத்து, கீழே தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், “கீழ எதுக்குத் தேடுறீங்க? அவன் மேலதானே நின்னான்!” என்று கத்தினாராம். அதன் பின்னர்தான் ஆட்கள் மேலே போனார்கள். ஒன்பது நாற்பதுக்கு, தேநீர்க்கடைக்கு மூன்று கிலோமீட்டர் மேலே, மண் சரிந்து வீதியோரம் உடைந்திருந்த இடத்துக்குக் கீழே, தேயிலைக்குள் வடிகானில் வினோஜன் கிடந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே கல்லுக்கும் சேற்றுக்கும் அடியில் இருந்தது. உயிர் இருந்தது, நினைவு இல்லை. சைக்கிளின் பின் டயர் புதிதாக மாற்றப்பட்டிருந்தது. விளக்கு இருக்க வேண்டிய இடத்தில், சொப்பிங் பேக்கில் சுற்றிய கைத்தொலைபேசியைச் சப்பாத்துக் கயிற்றால் கட்டியிருந்தார். அந்த வெளிச்சத்தில்தான் இறங்கியிருக்கிறார். அதைப் பார்த்ததும் ஜனகன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்று மாலை இந்த நிலையத்தில் என்னை விசாரித்தார்கள். முத்திரை வாங்கியவர் மூன்று கிலோமீட்டர் மேலே எப்படிப் போனார் என்று கேட்டார்கள். நான், “வினோஜனும் ஜனகனும் சேர்ந்து வந்தார்கள், முத்திரை வாங்கினார்கள், அதன் பிறகு திரும்பி மேலே போயிருக்க வேண்டும், ஏன் என்று எனக்குத் தெரியாது” என்று சொன்னேன். ஒரு பொய்யை மறைக்க இன்னொன்று தேவைப்பட்டது. ஆனால் அந்த இரண்டாவது பொய் ஒரு ஆளை உள்ளே தள்ளும் என்று நான் யோசிக்கவில்லை. யாரோ அழைத்துப் போய்த் தள்ளிவிட்டிருக்க வேண்டும், விளக்கைப் பறித்தவனே செய்திருக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. ஜனகன் கார்டைத் தானே கொண்டு வந்ததாகச் சொன்னது பொய் என்று ஆனது. நேற்று, 13ஆம் திகதி, அவரை நீதிமன்றத்தில் நிறுத்தி 15ஆம் திகதி வரை விளக்கமறியலில் வைத்திருக்கிறார்கள். நாளைக்கு அவருடைய வழக்கு எடுக்கப்படும். பஜாரில் அவருடைய தகப்பனின் கடைக்கு முன்னால் ஆட்கள் கூடிச் சத்தம் போட்டதாகவும், கடை இரண்டு நாளாகத் திறக்கவில்லை என்றும் அறிந்தேன்.

நேற்றுக் காலை வைத்தியசாலையில் வினோஜனின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆறு மணித்தியாலத்துக்குள் கொண்டு வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று வைத்தியர் சொன்னதாகத் துஷாந்த் என்னிடம் சொன்னார். நான் கணக்குப் பார்த்தேன். துஷாந்த் ஒன்று பத்துக்கு என்னைக் கேட்டபோது உண்மையைச் சொல்லியிருந்தால், மூன்று மணிக்கு முன் ஆளைக் கண்டுபிடித்திருப்பார்கள். அந்தப் பிள்ளைக்குக் கால் இருந்திருக்கும். இதைத் துஷாந்திடம் நான் சொல்லவில்லை. “அப்புடிங்களா” என்று மட்டும் கேட்டுக்கொண்டு தொலைபேசியை வைத்தேன்.

இவ்விடத்தில் உத்தியோகத்தர், நேற்றெல்லாம் வாய் திறக்காதவர் இன்றைக்கு ஏன் வந்தீர்கள், யாராவது மிரட்டினார்களா, இரும்புக்கடைக்காரர் பக்கத்திலிருந்து ஏதாவது தந்தார்களா என்று கேட்டார். யாரும் மிரட்டவில்லை, எதுவும் தரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

இன்று காலை ஆறரைக்குப் பெரட்டுக்களத்தில் புத்தகத்தை விரித்தேன். சண்முகவடிவு ஞாயிறு காலையிலிருந்து வைத்தியசாலையில் இருந்தார். வரிசையில் நின்ற பெண்கள், “சண்முகவடிவுக்குப் பேர போட்ருங்க ஐயா, பாவம்” என்றார்கள். நானும் போட்டேன். எனக்குக் கொஞ்சம் நல்லதாகக்கூட இருந்தது, அந்தத் தாய்க்கு ஏதோ செய்ததுபோல. மை காய்வதற்குள் வரிசை விலகியது. சண்முகவடிவு வந்து நின்றார். நேற்றுக் கடைசி பஸ்ஸில் திரும்பியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை உடுத்திய அதே சேலை, ஓரத்தில் சேறு காய்ந்திருந்தது. கூடை இல்லை. வேலைக்கு வரவில்லை என்று பார்த்தவுடனே தெரிந்தது.

மேசைக்குக் கிட்டே வந்து புத்தகத்தைப் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியும், ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். தன் பெயருக்கு மேல் விரலை வைத்தார்.

“நான் வர்றதுக்கு முந்தியே எழுதிட்டீங்களாய்யா?” என்று கேட்டார்.

நான் பேனையைக் கீழே வைத்தேன்.

“எம்மகன் நேத்து சாயந்தரம் கண்ணு முழிச்சான். ‘கடைக்கு நான் வரவே இல்லம்மா, கார்ட அவங்கிட்ட குடுத்துவிட்டேன்’னு சொன்னான். காலத் தொட்டுப் பாத்துட்டு அழுதான். நான் ஒங்களத் திட்ட வரலீங்க.”

அவர் சத்தம் போடவில்லை. எண்பது பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“இத வெட்டுங்க” என்றார். “வெட்டிட்டு, என்ன நல்லாப் பாருங்க. பாத்துட்டு எழுதுங்க.”

நான் பெயரை வெட்டினேன். பத்தொன்பது வருடத்தில் அந்தப் புத்தகத்தில் நான் வெட்டிய முதல் பெயர் அது. அதன் பின்னர் அவர் முகத்தைப் பார்த்தேன். பார்க்க முடியவில்லை, ஆனாலும் பார்த்தேன். அதன் பின்னர் எழுதினேன். அதன் பின்னர் பேனையையும் புத்தகத்தையும் என் மேலதிகாரியான பெரிய கண்டாக்கிடம் கொடுத்துவிட்டு, வினோஜனின் கார்டை எடுத்துக்கொண்டு ஏழே முக்கால் பஸ்ஸில் இங்கே வந்தேன்.

தம்பையா ஜனகன் மீது நான் ஏற்படுத்திய சந்தேகத்துக்கு எந்த ஆதாரமும் இல்லை. 12ஆம் திகதி நான் கொடுத்த வாக்குமூலத்தில் வினோஜனை நேரில் கண்டதாகச் சொன்னது பொய். 11ஆம் திகதி இரவு வீரய்யா வினோஜன் என்பவரை நான் காணவில்லை.

இவ்வளவுதான் நான் சொல்ல இருந்தது. இதை எனக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை. நானே முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை என் கண்ணால் வாசித்துப் பார்த்தேன். இரண்டு இடங்களில் நேரம் பிழையாக எழுதப்பட்டிருந்தது, திருத்தச் சொல்லித் திருத்தினார்கள். இதில் உள்ளவை உண்மை. எழுதிய உத்தியோகத்தரின் முன்னிலையில், நான் நேரில் வந்து ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) இ. கஜேந்திரன்
2025.10.14, மு.ப. 11.40